துகான்-பரனோவ்ஸ்கி பதவி விலகினாரா, இல்லையா? "முதல் நிதியமைச்சர்" என்று அளப்பவர்கள் வரவும்

கணக்கப்பிள்ளை:
பழைய ரஷ்ய நாணயங்கள் பற்றிய திரியில் நேற்று ஒருவர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "மிகைல் துகான்-பரனோவ்ஸ்கி, சுதந்திர உக்ரைனின் முதல் நிதியமைச்சர், உலகப் புகழ் பெற்ற பொருளியல் அறிஞர்." கீழே விருப்பக் குறிகள் குவிந்து கிடக்கின்றன. எழுதியவர் நம் தினிப்ரோ ரசிகன். பெயரைச் சொல்லாமல் எழுதினால் கிசுகிசு என்பார், அதனால் சொல்லிவிட்டேன்.

அறிஞர் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. இங்கிலாந்தின் தொழில் நெருக்கடிகள் பற்றி 1894-ல் அவர் எழுதிய நூலுக்காக லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து புள்ளிவிவரம் திரட்டியவர். 1898-ல் ரஷ்யத் தொழிற்சாலையின் வரலாற்றை எழுதினார். இரண்டுக்கும் மாஸ்கோ பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. சரி.

ஆனால் "சுதந்திர உக்ரைனின் முதல் நிதியமைச்சர்" என்பதில் உருப்படியான சொல் ஒன்றுகூட இல்லை. 1917 ஆகஸ்டில், ஜார் வீழ்ந்தபின் பெத்ரோகிராதிலிருந்து (பழைய பேதுருபுரம், ரஷ்யத் தலைநகர்) ஆண்ட இடைக்கால அரசு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. அதன்படி கீவில் இருந்த பொதுச் செயலகத்துக்கு, அதாவது உக்ரைனியப் பேரவையான மத்திய ராதாவின் நிர்வாகக் குழுவுக்கு, கிடைத்தது ஐந்து மாகாணங்கள்: கீவ், வொலீனியா, பொடோலியா, பொல்தாவா, செர்னிகிவ். அவர் பிறந்த கார்கிவ் மாகாணமே அந்த ஐந்தில் இல்லை! ராணுவம் இல்லை, நீதித்துறை இல்லை, ரயில் இல்லை, தபால் இல்லை. அந்தச் செயலகத்தில் அவர் நிதிக்கான பொதுச் செயலாளர். நவம்பர் 20-ல் மத்திய ராதா மூன்றாவது யூனிவர்சல் என்கிற பிரகடனத்தை வெளியிட்டு உக்ரைனிய மக்கள் குடியரசை அறிவித்தது. அதை ஒட்டி இவர் என்ன செய்தார்? பதவி விலகினார். சுதந்திரத்தை அறிவித்தது நான்காவது யூனிவர்சல், 1918 ஜனவரியில். அப்போது இவர் நாற்காலியில் இல்லை.

விலகியவரை எப்படி ஐயா சுதந்திர நாட்டின் அமைச்சர் ஆக்குகிறீர்கள்?

தினிப்ரோ ரசிகன்:
வணக்கம் கணக்கப்பிள்ளை ஐயா. என் ஒரு வரிக்கு ஒரு தனித் திரி. இந்த மரியாதை எனக்கு என் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

1919 ஜனவரி 21. ஒடெசா போகும் ரயிலில் இதயம் நின்று இறந்துபோகிறார். முந்தின நாள்தான் 54 வயது நிறைந்திருந்தது. எங்கே போய்க்கொண்டிருந்தார் தெரியுமா? பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு, உக்ரைன் குடியரசின் தூதுக்குழுவில் ஒருவராக. சுதந்திரம் வேண்டாம் என்று கோபித்துக்கொண்டு போனவர் அதே சுதந்திரத்துக்கு வக்காலத்து வாங்க ஜனவரிக் குளிரில் ரயில் ஏறுவாரா?

கணக்கப்பிள்ளை:
ரயில் ஏறியது 1919. விலகியது 1917. நான் கேட்டது 1917.

ஊமைக்கோட்டான்:
பொரிகடலை வாங்கியாச்சு. நடத்துங்க.

செஞ்சட்டை:
ஒரு துரோகியின் விசிட்டிங் கார்டில் என்ன அச்சடிப்பது என்று இரண்டு படித்தவர்கள் அடித்துக்கொள்கிறீர்கள். துகான் யார்? ஸ்த்ரூவே, புல்ககோவ் கூட்டத்தோடு சேர்ந்த "சட்டபூர்வ மார்க்சியர்". அதாவது தணிக்கை அதிகாரி அனுமதிக்கிற அளவுக்கு மட்டும் மார்க்சியர். அப்புறம் கதேத் என்கிற தாராளவாதக் கட்சி. மார்க்ஸின் மறுஉற்பத்தி அட்டவணைகளை (உற்பத்தித் துறைகள் ஒன்றுக்கொன்று எப்படி விற்று வாங்குகின்றன என்ற கணக்கு) எடுத்து, மக்கள் வாங்காவிட்டாலும் முதலாளித்துவம் ஓடும், இயந்திரம் செய்ய இயந்திரம், அதைச் செய்ய இன்னோர் இயந்திரம் என்று அதற்கு ஆயுள் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர். மார்க்சியப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் 1913-ல் இவரைத் தோலுரித்துத் தொங்கவிட்டார். இந்த ஆள் எந்த நாட்டுக்கு அமைச்சராக இருந்தால் உழைப்பாளிக்கு என்ன?

கணக்கப்பிள்ளை:
தோழர் செஞ்சட்டை, நீங்கள் லக்சம்பர்க்கைப் படித்திருக்கிறீர்கள், துகானைப் படிக்கவில்லை. முதலாளித்துவத்துக்கு நெருக்கடியே வராது என்று அவர் எழுதவில்லை. திரும்பத் திரும்ப வந்தே தீரும் என்றார். மக்கள் கையில் காசில்லை என்பதை மட்டும் காரணமாக அவர் ஏற்கவில்லை. உற்பத்தித் துறைகளுக்கிடையே விகிதம் கெட்டுப்போவதுதான் காரணம் என்றார். விகிதம் சரியாக இருந்தால் ஒரே ஒரு தொழிலாளி மிஞ்சி மற்ற எல்லாவற்றையும் இயந்திரம் செய்தாலும் சந்தை மூச்சு விடும் என்று வாதத்தின் கடைசி முனை வரைக்கும் போனார். லக்சம்பர்க்குக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

மந்த காலத்தில் கடனாகக் கொடுக்கக்கூடிய பணம் முதலீடு ஆகாமல் சேர்ந்துகொண்டே போகிறது, சிலிண்டரில் நீராவி சேர்வது மாதிரி. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் பிஸ்டன் நகரும். அந்தப் பணமெல்லாம் ரயில்பாதை, ஆலை, இயந்திரம் என்று இறங்குகிறது. இரும்பு விலை ஏறுகிறது. பணம் தீர்ந்ததும் வண்டி நிற்கிறது, இரும்பு விலை விழுகிறது. இந்த நீராவி உவமை அவருடையது, நான் இட்டுக்கட்டியது இல்லை. ஆங்கிலப் பொருளியலாளர் கீன்ஸ் 1930-ல் பணம் பற்றிய தன் பெரிய நூலில் இந்த வழியில் யோசித்தவர்களில் முதல்வரும் மிகவும் சுயமாகச் சிந்தித்தவரும் இவர்தான் என்று எழுதினார்.

இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. இந்தத் திரியின் கேள்வி ஒன்றுதான். விலகினாரா, இல்லையா?

செஞ்சட்டை:
கீன்ஸ் பாராட்டினால் போதுமே. ஒரு முதலாளித்துவ வைத்தியர் இன்னொரு வைத்தியருக்குக் கொடுத்த நற்சான்று.

தினிப்ரோ ரசிகன்:
செஞ்சட்டை, ஒரு தகவல். உங்கள் லெனின், நாடுகடத்தப்பட்டு சைபீரியாவில் உட்கார்ந்து ரஷ்யாவில் முதலாளித்துவ வளர்ச்சி பற்றி எழுதினாரே, அந்த நூலில் துகானின் தொழிற்சாலை வரலாற்றை எடுத்துக் காட்டியிருக்கிறார். சந்தை விவகாரத்தில் நரோத்னிக்குகள் என்கிற குடியானவர் சார்பு சோஷலிஸ்டுகளுக்கு எதிராக லெனினும் துகானும் அப்போது ஏறக்குறைய ஒரே அணி. துரோகி பட்டம் கொடுப்பதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள்.

செஞ்சட்டை:
எடுத்துக் காட்டினால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தமா? அதே லெனின் அதே வருடம் சந்தைக் கோட்பாடு பற்றித் தனிக் குறிப்பு எழுதினார். முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களைத் தலைக்கு வைத்துப் படுத்தவன் நான். எனக்கு லெனின் பாடம் எடுக்காதீர்கள்.

ஊமைக்கோட்டான்:
தலைக்கு வைத்துப் படுத்ததைத்தான் நாங்களும் சந்தேகப்பட்டோம் தோழர்.

மலர்விழி:
ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. மூன்றாவது யூனிவர்சலில் என்ன இருக்கிறது? ரஷ்யக் குடியரசிலிருந்து பிரியாமல், அதன் ஒற்றுமையைக் காத்துக்கொண்டே உக்ரைனியக் குடியரசு ஆகிறோம் என்றுதான் இருக்கிறது. பிரிவினையே இல்லை. அப்படியானால் பிரிவினைக்கு எதிர்ப்பாக விலகினார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அதே பிரகடனத்தில் நிலப்பிரபுக்களின் நில உடைமை ஒழிப்பு இருக்கிறது. எட்டு மணி நேர வேலை, மரண தண்டனை ஒழிப்பு, ஆலைகள் மீது கட்டுப்பாடு எல்லாம் இருக்கிறது. துகான் சேர்ந்திருந்தது சோஷலிஸ்ட்-ஃபெடரலிஸ்ட் கட்சியில். ராதாவில் இருந்த கட்சிகளில் மிதமானது, சோஷலிசம் பெயரில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலம் பற்றிய பகுதி அவர்களுக்குக் கசந்தது. ஆகவே அவர் விலகியதற்கு நிலம் ஒரு காரணமாக இருக்கலாமே? தேசியத்தை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய கோட்டை கட்ட முடியாது.

கணக்கப்பிள்ளை:
மலர்விழி மேடம், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் காரணம் நிலமா தேசமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு உங்கள் பதிவிலேயே பதில் இருக்கிறது. "விலகியதற்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, விலகினார்.

மலர்விழி:
அவர் விலகவில்லை என்று இங்கே யார் சொன்னார்கள்?

கணக்கப்பிள்ளை:
"முதல் நிதியமைச்சர்" என்றால் அதுதான் பொருள்.

தினிப்ரோ ரசிகன்:
ஐயா மேடத்தையும் விடுவதாக இல்லை.

சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். இவரை ரஷ்யர் என்று காட்டத்தான் இந்தப் பாடு என்று எனக்குத் தெரியும். 1914-ல் பேதுருபுரத்தில் உக்ரைனிய மக்களின் கடந்த காலமும் நிகழ்காலமும் பற்றி ஒரு பெரும் தொகுப்பு வந்தது. ஹ்ருஷெவ்ஸ்கி, கிரிம்ஸ்கி, ஷாஹ்மதோவ் இவர்களோடு ஆசிரியர் குழுவில் துகானும் இருந்தார். உக்ரைன் என்று சொன்னாலே முகம் சுளித்த ஜார் காலம் அது. 1901-ல் மாணவர் போராட்டத்தில் நின்றதற்காகத் தலைநகரிலிருந்து துரத்தப்பட்டபோது எங்கே போய் இருந்தார்? பொல்தாவா மாகாணத்து லொஹ்வித்சியாவில். அங்கே ஸெம்ஸ்த்வோ என்கிற உள்ளாட்சி மன்ற வேலைகளில் இறங்கினார். 1918 நவம்பரில் உக்ரைனிய அறிவியல் கழகம் தொடங்கியபோது முதல் பன்னிரண்டு உறுப்பினர்களில் ஒருவர், சமூகப் பொருளியல் பிரிவின் தலைவர். கடைசிக் காலத்தில் உக்ரைனிய மொழியிலும் எழுதினார். உக்ரைனின் 100 கார்போவனெட்ஸ் நோட்டு, ஓவியர் நார்புட் வரைந்தது, உக்ரைனியம், ரஷ்யன், போலிஷ், இத்திஷ் (யூதர் மொழி) என்று நாலு மொழி போட்டது, அதற்கான நிதி அடித்தளமும் இவர் காலத்தில்தான்.

பாலம்கட்டி:
அந்தப் பன்னிரண்டு பேரில் டிமோஷென்கோவும் இருக்கிறாரே! ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் டிமோஷென்கோ! சிவில் படித்த எல்லோரையும் அழவைத்த மனிதர். அவர் அமெரிக்கர் என்றல்லவா நினைத்தோம்.

தினிப்ரோ ரசிகன்:
1878-ல் உக்ரைனில் பிறந்தவர் சார். அமெரிக்காவுக்குப் போனது 1922-ல்.

செஞ்சட்டை:
நன்றாகச் சம்பாதிக்கப் போனார் என்று சொல்லுங்கள்.

பாலம்கட்டி:
பீமைப் பற்றி ஒரு வரி தெரியாதவரெல்லாம் டிமோஷென்கோவைப் பற்றிப் பேசுவதைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. அவர் நூல்களை வைத்துத்தான் உங்கள் சோவியத்திலும் பாலம் கட்டியிருப்பார்கள்.

கணக்கப்பிள்ளை:
பாலத்தை ஓரமாக வையுங்கள். நோட்டு விஷயத்துக்கு வருவோம், ரசிகன் தானாகவே வந்து மாட்டிக்கொண்டார்.

100 கார்போவனெட்ஸ் நோட்டு மக்கள் கைக்கு வந்தது 1918 ஜனவரியில். நோட்டு அடிக்கும் சட்டமே டிசம்பர் கடைசிவாக்கில். போல்ஷெவிக்குகள் பெத்ரோகிராதைப் பிடித்த பிறகு அங்கிருந்து கீவுக்குப் பணம் வருவது நின்றுபோனது, ரொக்கத் தட்டுப்பாடு, அதனால்தான் அவசரமாகச் சொந்த நோட்டு. இவர் அதற்குள் விலகியாச்சு. விலகிய ஆள் எப்படி நோட்டுக்கு அடித்தளம் போடுவார்?

இன்னொன்று. "முதல்" என்கிறீர்களே. 1917 ஜூனில் வின்னிசெங்கோ தலைமையில் பொதுச் செயலகம் அமைந்தபோது நிதிக்குப் பொறுப்பேற்றவர் க்ரிஸ்தோஃபோர் பரனோவ்ஸ்கி. கூட்டுறவு வங்கிக்காரர். நம் ஆள் மிகைல் துகான்-பரனோவ்ஸ்கி அவருக்கு அடுத்து வந்தவர். இரண்டு பேரும் கூட்டுறவு இயக்கத்தோடு தொடர்புள்ளவர்கள், இரண்டு பேரும் நிதி, பெயரின் பின்பாதி ஒன்று. எங்கோ படித்து இரண்டு பேரையும் கலந்து ஒருவராக்கியிருக்கிறார் ரசிகன்.

ஊமைக்கோட்டான்:
ஆள் மாறாட்டம். திரி இப்பத்தான் சூடு பிடிக்கிறது.

தினிப்ரோ ரசிகன்:
க்ரிஸ்தோஃபோரை எனக்கு நன்றாகவே தெரியும், நீங்கள் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஜூனில் இருந்தது பெத்ரோகிராது ஒப்புக்கொள்ளாத செயலகம். ஒப்புக்கொண்ட செயலகத்தில் முதல்வர் துகான்தான். ஆகவே "முதல்" சரியே.

கணக்கப்பிள்ளை:
ஆஹா. பெத்ரோகிராது ஒப்புக்கொண்டால்தான் கணக்கு என்றால் அது என்ன சுதந்திரம்? பெத்ரோகிராது கணக்கில்லை என்றால் க்ரிஸ்தோஃபோர்தான் முதல். எந்தக் கதவு வழியாகப் போனாலும் இடிக்கிறதே ஐயா.

தினிப்ரோ ரசிகன்:
போன வருடம் ஹங்கேரி பணவீக்கத் திரியில் நீங்கள் பூஜ்ஜியங்களை எண்ணியபோதும் இதே தொனி. அப்போது எத்தனை பேர் வெறுத்துப்போய் மன்றத்தை விட்டே போனார்கள் என்று நினைவிருக்கிறதா?

கணக்கப்பிள்ளை:
பூஜ்ஜியங்கள் சரியாகத்தான் இருந்தன. போனவர்கள் எண்ணத் தெரியாதவர்கள்.

மலர்விழி:
நீங்கள் இருவரும் 1917-லேயே நின்றுவிட்டீர்கள். மனிதர் கூட்டுறவுக்காக நிறைய உழைத்திருக்கிறார். 1916-ல் கூட்டுறவின் சமூக அடிப்படைகள் பற்றி எழுதியதுதான் என் பார்வையில் அவருடைய பெரிய வேலை. மூலதனத்துக்கு அதிகபட்ச லாபம் தேடுவது கூட்டுறவின் நோக்கம் அல்ல, உறுப்பினரின் உழைப்பு வருமானத்தைக் கூட்டுவது அல்லது அவர் செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்று தெளிவாக வரையறுத்தார். கூட்டுறவு வெளியே முதலாளித்துவச் சந்தையில் நின்றுகொண்டே உள்ளே முதலாளித்துவத்தைத் தள்ளிவைக்கிற அமைப்பு என்று பார்த்தார். சொந்த நிலத்தில் உழும் குடியானவன் பால், தானியம், கடன் மூன்றுக்கும் கூட்டாகச் சேரலாம், உழவை அவனிடமே விடலாம் என்பவர் நில உடைமையை ஒரே பிரகடனத்தில் ஒழிப்பதை எப்படிப் பார்த்திருப்பார்? அதனால்தான் நிலத்தைச் சொன்னேன்.

செஞ்சட்டை:
அதாவது குட்டி முதலாளித்துவக் கனவு. பால் சொசைட்டி சோஷலிசம்.

தினிப்ரோ ரசிகன்:
செஞ்சட்டை, அவருடைய மாணவர் நிக்கொலாய் கொண்ட்ராத்தியெவ். நீண்ட அலைகள் கோட்பாடு, உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். அவரை 1938-ல் சுட்டுக் கொன்றது யார்? பால் சொசைட்டியா?

செஞ்சட்டை:
திரிக்குச் சம்பந்தமில்லாததைப் பேசாதீர்கள்.

தினிப்ரோ ரசிகன்:
துரோகி என்று தொடங்கியது நீங்கள்தான் தோழர்.

செஞ்சட்டை:
லெனினுடைய அண்ணன் அலெக்சாந்தர் உல்யானோவோடு பழகியவர் துகான். 1887-ல் அண்ணன் தூக்கு மேடைக்குப் போனார். துகான் பேராசிரியர் நாற்காலிக்குப் போனார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கணக்கப்பிள்ளை:
பேராசிரியர் நாற்காலி தங்கத்தட்டில் வந்தது என்று நினைப்பா? 1899-ல் அரசியல் நம்பகம் இல்லை என்று பேதுருபுரம் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1913-ல் அதே பல்கலைக்கழகம் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தபோது கல்வி அமைச்சர் காஸ்ஸோ உறுதிசெய்ய மறுத்தார். தூக்கில் தொங்கவில்லை என்பதற்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்கினால் இந்த மன்றத்தில் நாம் எல்லோருமே குற்றவாளிகள்தான்.

ரசிகனுக்கு ஒரு பதில் பாக்கி. அறிவியல் கழகத்துக்கு அந்தப் பன்னிரண்டு பேரை நியமித்தவர் அப்போது உக்ரைனை ஆண்ட ஹெத்மான் (ஆட்சித் தலைவர்) ஸ்கொரோபாத்ஸ்கி. தேதி 1918 நவம்பர் 14. அதே நவம்பர் 14 அன்று அதே ஹெத்மான் இன்னொரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார்: ரஷ்யாவோடு கூட்டாட்சி. சுதந்திரத்துக்கு ஆதாரமாக நீங்கள் கொண்டுவந்த தேதி எதைச் சொல்கிறது பாருங்கள். துகானுக்குக் கூட்டாட்சியோடு சண்டை இருந்ததில்லை. கட்சியின் பெயரிலேயே ஃபெடரலிஸ்ட் இருக்கிறது. அதனால்தான் 1917-ல் விலகினார்.

மலர்விழி:
சார், மூன்றாவது யூனிவர்சலும் கூட்டாட்சிதானே கேட்டது? கூட்டாட்சிக்காரர் கூட்டாட்சிப் பிரகடனத்தை எதிர்த்து விலகினாரா?

கணக்கப்பிள்ளை:
காகிதத்தில் கூட்டாட்சி. பெத்ரோகிராதில் அப்போது லெனின். யாரோடு கூட்டாட்சி? அது நடைமுறையில் பிரிவினை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மலர்விழி:
"தெரிந்திருக்கும்." இதுவரை தேதி தேதியாக அடித்தவர் இப்போது மனசுக்குள் புகுந்து படிக்கிறார்.

ஊமைக்கோட்டான்:
மேடத்துக்கு என் சார்பில் ஒரு டீ.

தினிப்ரோ ரசிகன்:
அப்பா வழியில் லிப்கா தாத்தார் வம்சம், படித்தது கார்கிவ், வாழ்ந்தது பாதி பேதுருபுரம், இறந்தது ஒடெசா ரயிலில், புதைத்தது ஒடெசாவில். ரஷ்யாவுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று ஐயாவுக்கு என்ன பிடிவாதம்?

கணக்கப்பிள்ளை:
நான் எங்கேயாவது அவரை ரஷ்யர் என்று எழுதியிருக்கிறேனா? மேலே போய்த் தேடுங்கள். அவர் யார் என்பது என் கேள்வியே அல்ல. பதவியில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. நான்காவது யூனிவர்சல் வந்த 1918 ஜனவரி 22 அன்று இருந்தாரா? ஆம், இல்லை. ஒரு சொல்.

தினிப்ரோ ரசிகன்:
1919 ஜனவரி 21 அன்று எந்த நாட்டின் தூதுக்குழுவில் இருந்தார்? நீங்களும் ஒரு சொல்லில் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:
என் கேள்வி முதலில் வந்தது.

நெறியாளர்:
ஒருவருடைய வயதைக் குறிப்பிட்டு வந்த இரண்டு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டுள்ளன. டிமோஷென்கோ பற்றிய பதிவுகள் பொறியியல் பகுதிக்கு மாற்றப்படும். தலைப்புக்குள் பேசவும்.

பாலம்கட்டி:
ஏன் மாற்ற வேண்டும்? இந்தத் திரியில் சண்டை இல்லாத ஒரே பதிவு என்னுடையதுதான்.

செஞ்சட்டை:
ரத்தம் கொதிக்கிறது என்று எழுதியது யார்?

பாலம்கட்டி:
அது உங்களுக்கு மட்டும்.

செஞ்சட்டை:
மறுஉற்பத்தி அட்டவணை பற்றி நான் தனித் திரி தொடங்குகிறேன். அங்கே துணிவிருந்தால் கணக்கப்பிள்ளை வரட்டும், கீன்ஸைக் கூட்டிக்கொண்டு வராமல்.

கணக்கப்பிள்ளை:
தொடங்குங்கள். முதல் பதிவிலேயே மூன்று துறைகளையும் எண்களோடு போடுங்கள், வெறும் வசவு வேண்டாம். ரசிகன் இன்னும் ஒரு சொல் பதில் தரவில்லை என்பதைப் பார்வையாளர்கள் கவனிக்கவும். நாணயத் திரியில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது, விருப்பக் குறி இன்று காலை இன்னும் கூடியிருக்கிறது.

தினிப்ரோ ரசிகன்:
கூடியதில் ஒன்று மலர்விழி மேடம் போட்டது.

மலர்விழி:
நான் போட்டது நார்புட் நோட்டுப் படத்துக்கு. அந்த வரிக்கு இல்லை. என்னை இழுக்காதீர்கள்.

கணக்கப்பிள்ளை:
படமும் வரியும் ஒரே பதிவில்தான் இருக்கின்றன மேடம்.